லாந்தர் போகமாட்டான்

கால்சட்டையின் இடது பையைத் தைத்து மூடியாயிற்று. வலது பையில் ஊசி பாதி போய் நின்றுவிட்டது. துணி தடிமன். எஸ்மண்ட் ஊசியின் காதை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினான். பின்பைகள் இரண்டு, கோட்டில் மூன்று இன்னும் பாக்கி.

"நூலை வாயால கடிக்காத," என்றாள் அக்கா ஐசில்டா. "செத்தவன் துணி தைக்கிற நூல் வாய்ல படக் கூடாது. கத்திரி கண்ணு முன்னாலதானே கிடக்கு?"

அவன் கத்திரியை எடுத்தான்.

"நெருக்கித் தை. ஒரு விரல் போற இடம் இருந்தாப் போதும், கல்லைப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு வந்து கூரை மேல எறிவான் உங்கண்ணன். உசுரோட இருந்தப்பவே வெறும் பையோட வீட்டுக்கு வந்தவன் இல்ல."

கண்ணாடியின் மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் அலமாரியும் அலமாரி இருந்த இடத்தில் கட்டிலும் கிடந்தன. மெத்தையைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தால் இது தன் அறை என்று அவனுக்குத் தெரியக் கூடாது. ஐசில்டா வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே இதையெல்லாம் செய்து முடித்துவிட்டாள். அறுபத்தாறு வயது. சீஃபோர்த்தில் சபை ஒன்றை நடத்துகிறவள். இரண்டு தம்பிகளையும் அடித்து வளர்த்தவள்.

கோட்டைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தாள். கடுகு மஞ்சள் நிறம், தங்கப் பொத்தான். ஒசாகா மேடைக்காகத் தைத்தது.

"ஆண்டவர் முன்னாடி இதைப் போட்டுக்கிட்டுப் போய் நிக்கப் போறான். டிக்கெட் விக்க வந்தியாடான்னு கேக்கப் போறார்." கோட்டை மடியில் போட்டு அடுத்த பையைத் தானே தைக்க ஆரம்பித்தாள். "அவன்கிட்ட பேசிக்கிட்டே தைக்கணும்னு சொன்னேனே. ஊமை மாதிரி உக்காந்திருக்க."

எஸ்மண்ட் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கழுத்தில் அண்ணி வேல்மாவின் பழைய பச்சைத் துணி சுற்றியிருந்தது.

"பதினோரு நாளா அதே தொண்டை. இஞ்சி குடிச்சாச்சு, தேன் குடிச்சாச்சு, ரம் குடிச்சாச்சு. ரம் மட்டும் மூணு தடவ குடிச்சாச்சு. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிக்கோ. குழிப் பக்கத்துல நீதான் பேசணும்."

அவன் நிமிர்ந்தான்.

"என்ன முழிக்கிற? நம்ம வீட்டு வழக்கம் தெரியாதா? கடைசியா கூட இருந்தவன்தான் சொல்லணும். அப்பாவுக்கு நான் சொன்னேன். அம்மாவுக்கு லசெல்ஸ் சொன்னான். பேரைச் சொல்லிக் கூப்பிடணும். உன் வேலை முடிஞ்சுது, போ, திரும்பிப் பாக்காத. அவ்வளவுதான். ஆனா சத்தமா, உன் குரல்ல சொல்லணும். எழுதிக் காட்டினா அவன் உக்காந்து படிக்க மாட்டான்."

சொல்லாவிட்டால் என்ன என்று எஸ்மண்ட் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. உப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தச்சனின் வீடு இருக்கிறது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு நாள் பிந்திவிட்டது. இன்றைக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும். கூரை ஒழுகுவதில்லை. குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

அவன் தொண்டையில் நோய் எதுவும் இல்லை.

அண்ணனின் பெயர் லசெல்ஸ் டல்லாக். அதை அக்காவைத் தவிர யாரும் சொல்வதில்லை. பத்தொன்பது வயதில் மொரான்ட் பே ஊரில் ஒரு ஆட்டபாட்ட இரவில் மின்சாரம் போனது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் செத்துவிட்டன. அவன் மட்டும் மைக் இல்லாமலே விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு லாந்தரைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். மின்சாரம் வரும்வரை முக்கால் மணி நேரம். அன்றிலிருந்து பிரின்ஸ் லாந்தர். எண்பத்தேழாம் வருஷம் ஒரு பாட்டு தீவு முழுக்க ஓடியது. அடுத்த வருஷம் கிங்ஸ்டனில் ஒரே இரவில் சனம் தகரச் சுவரைத் தட்டித் தட்டி அந்தப் பாட்டை ஒன்பது முறை திருப்பிப் போட வைத்தது. ஆட்டக்களத்தில் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பிறகு லண்டன், டொராண்டோ, ஒசாகா. பிறகு ஒன்றுமில்லை.

எஸ்மண்ட் எல்லா இடத்திலும் இருந்தான். வண்டி ஓட்டினான். மேடையில் இரண்டு அடி பின்னால் நின்று துணைக் குரல் கொடுத்தான். முப்பது வருஷத்தில் அவனுக்காக ஒருவரும் சுவரைத் தட்டியதில்லை.

பாட்டுகள் ஓய்ந்த பிறகு ஸ்பெஷல்கள் சோறு போட்டன. ஸ்பெஷல் என்றால், பாடகன் தன் பழைய பாட்டையே ஒரு சவுண்ட் செட்டின், அதாவது பெட்டிகளை அடுக்கி ஆட்டம் நடத்துகிற குழுவின், பெயரை வைத்து, அவர்களுக்கு மட்டும் மறுபடி பாடிக் கொடுப்பது. இரண்டு சவுண்ட் செட்டுகள் மோதும்போது யாரிடம் எவனுடைய குரல் இருக்கிறது என்பதுதான் போட்டி. அந்தப் பாட்டுகளில் பணிவு கிடையாது. நான் வந்துவிட்டேன், நீ செத்தாய், என்னை யாரும் அசைக்க முடியாது. இதையே நூறு விதமாகப் பாட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் லாந்தரின் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். ஓட்டை வழியாக மூச்சு வந்தது. குரல் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைத் தவிர வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஹாம்பர்க்கிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லாந்தர் ஒரு அட்டையில் எழுதிக் காட்டினான்: நீ பாடு.

பின் அறையின் சுவர் முழுக்கப் பழைய மெத்தைப் பஞ்சை ஒட்டியிருந்தார்கள். இரண்டு நாற்காலிகள், முழங்கால் இடிக்கிற தூரத்தில். மைக் எஸ்மண்டின் முன்னால். லாந்தர் எதிரே உட்கார்ந்து உதட்டை அசைப்பான். அந்த உதட்டைப் பார்த்து எஸ்மண்ட் பாடுவான். தவறினால் லாந்தர் ஒரு விரலைத் தூக்குவான். மூன்று மாதத்துக்குப் பிறகு விரல் எழவில்லை. ஒருநாள் வேல்மா கதவைத் திறந்தாள். கணவனின் வாய் அசைவதையும் அவன் குரல் வருவதையும் பார்த்தாள். குரல் எங்கேயிருந்து வருகிறது என்பதையும் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். அதற்குப் பிறகு அவர்கள் பாடும்போது அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை.

கடைசி ஸ்பெஷல் பிளாக் ஆங்கர் சவுண்ட் செட்டுக்கு. செவ்வாய்க்கிழமை காலை. வேல்மா சந்தைக்குப் போயிருந்தாள். இரண்டாவது சரணத்தில் லாந்தரின் உதடு நின்றது. நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. கழுத்து ஓட்டையின் மேல் கட்டியிருந்த மெல்லிய துணி உள்ளே போய் வெளியே வரும். அது அசையாமல் தொங்கியது. கண் திறந்தே இருந்தது.

எஸ்மண்டுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. ஆனால் குரல் அன்றைக்குப் போல் ஒருநாளும் வந்ததில்லை. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். மீதிச் சரணத்தையும் பாடி, பல்லவியையும் இரண்டு முறை பாடினான்.

லாந்தர் போகமாட்டான்,
எவன் ஊதினாலும் அணையமாட்டான்,
பிளாக் ஆங்கர் வாசல்ல நிப்பான்,
நாளைக்கும் நிப்பான், நாளான்னைக்கும் நிப்பான்.

பதிவை நிறுத்தி பிளாக் ஆங்கர் முதலாளி ஃபிட்ஸிக்கு அனுப்பினான். அடுப்படிக்குப் போய்க் கஞ்சியைச் சூடாக்கினான். கிண்ணத்தோடு திரும்பி வந்து, வாசலில் நின்று, "அண்ணே!" என்று கத்தினான்.

வந்தது லாந்தரின் குரல்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "குரல் வந்துடுச்சா! லாந்தருக்குக் குரல் வந்துடுச்சா!"

அன்று மாலை அவன் நாயைக் கூப்பிட்டான். பிறந்ததிலிருந்து எஸ்மண்டை மதிக்காத நாய். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து, அவனைத் தாண்டி அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. மறுநாள் காலை கூடத்திலிருந்து தேநீர் கேட்டான். அடுப்படியிலிருந்து வேல்மா கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். கெட்டிப் பால் மூன்று கரண்டி. எஸ்மண்ட் பால் போட்டுக் குடிப்பதில்லை. இருவரும் அந்தக் கோப்பையைப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்றுதான் அவன் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டான்.

பைகளெல்லாம் தைத்து, உடுப்பைச் சவக்கிடங்குக்கு அனுப்பியபின், பத்து மணிக்கு ஃபிட்ஸியின் லாரி வந்தது. குட்டையான ஆள், பெரிய வயிறு, எந்த வெயிலிலும் கம்பளித் தொப்பி. ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை வீட்டுக்குப் பின்னால், குழிக்கு நேர் எதிரே அடுக்கினான்.

"எஸ்மண்டு! பேச்சே வரலியாமே? நல்லது. இந்த வீட்டுல ஒரு வாய் போதும்னு லாந்தர் அடிக்கடி சொல்வான்." தோளில் தட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மச்சான், ஒண்ணு சொல்றேன். அந்தச் செவ்வாக்கிழமை ஸ்பெஷல். இன்னும் ஒரு இடத்துலயும் போடல. இன்னைக்கு மண்ணு போட்டதும் போடப் போறேன். செத்த அன்னைக்குப் பாடினது. உலகத்துல எவன்கிட்ட இருக்கு இப்படி ஒண்ணு? ஜப்பான்காரன் விமானத்த எடுத்துக்கிட்டு வருவான்."

எஸ்மண்ட் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"என்ன வேணாம்? மரியாதைடா இது."

எஸ்மண்ட் அட்டைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்து எழுதினான்: போடாதே. வார்த்தைகள் சரியில்லை.

ஃபிட்ஸி படித்துவிட்டுச் சிரித்தான். "போகமாட்டான், அணையமாட்டான். இதைவிட நல்ல வார்த்தை என்ன இருக்கு? ஐசில்டாக்கா மாதிரி பேசாத." சிரிப்பு சட்டென்று நின்றது. இடப்பக்கத்துப் பெட்டியைப் பார்த்தான். "ஆனா ஒண்ணு. அது வந்ததுலேர்ந்து இந்த இடது பெட்டி சரியில்ல. போட்ட உடனே, பாட்டு எதுவும் வைக்கறதுக்கு முன்னாடி, யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இழுப்பாங்கல்ல, அப்படி. கம்பிய மாத்தினேன். பெட்டியவே மாத்தினேன். இடது பக்கம் எதை வச்சாலும் இழுக்குது."

"அப்புறம்?" என்பது போல் எஸ்மண்ட் பார்த்தான்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. இழுக்குது. விட மாட்டேங்குது."

வேல்மா அடுப்படியில் ஆட்டுத்தலைச் சூப்புக்குப் பச்சை வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எஸ்மண்ட் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். மேசைமேல் இருந்த ரொட்டிக் காகிதத்தை எடுத்து எழுதி, வாழைக்காய்த் தோலின் பக்கத்தில் வைத்தான்.

இரண்டாம் சரணத்தில் போய்விட்டான். நான் நிறுத்தவில்லை.

அவள் படித்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எவ்வளவு நேரம்?"

இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டு நிமிஷம்." இன்னும் இரண்டு வாழைக்காயை நறுக்கினாள். "கண்ண மூடிவிட்டியா, இல்ல கஞ்சி வச்ச பிறகுதானா?"

அவன் வாழைக்காய்த் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினான்.

"நல்லா வந்துதா பாட்டு?"

தலையாட்டினான்.

"வந்திருக்கும். உன்னால எப்பவும் அவ்வளவு நல்லா பாட முடியாதே." காகிதத்தை நான்காய் மடித்து அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிகிறவரை பார்த்தாள். "அந்த ரெண்டு நிமிஷம் யாரு பாடினதுன்னு எனக்குத் தெரியல, எஸ்மண்டு. உனக்கும் தெரியாது. ஆனா இந்த வீட்டுல யாரோ என்கிட்ட டீ கேக்கறாங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். ராத்திரி அந்தப் பக்கம் தள்ளிப் படுக்கறேன், இடம் விட்டு. இது எத்தன நாளைக்கு?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"எனக்கு வர்ற வரும்படி போயிடும்னு பாக்காத. ஸ்பெஷல் இல்லன்னா மீன் விப்பேன். முன்னாடி வித்தவதான். குழிப் பக்கத்துல வாயத் தொற. எது வந்தாலும் தொற."

ஒரு மணிக்குச் சவ வண்டி வந்தது. மஞ்சள் கோட்டில், கழுத்தை மறைக்க வெள்ளை டை கட்டி, பிரின்ஸ் லாந்தர் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி இருந்தான். சந்தைக்காரிகள், பேருந்து ஓட்டுநர்கள், கிங்ஸ்டனிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட பழைய பாடகர்கள், மற்ற சவுண்ட் செட்டு முதலாளிகள் என இருநூறு பேர் இருக்கும். செத்தவன் பின்னால் வந்து தொந்தரவு செய்யாதபடி சின்னப் பிள்ளைகளைச் சவப்பெட்டிக்கு மேலாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மூன்று முறை கைமாற்றினார்கள். ஐசில்டா ஜெபித்தாள். நீளமாக ஜெபித்தாள். அக்கீ மரத்தடியில், அப்பா அம்மாவின் பக்கத்தில், கல் கட்டிய குழிக்குள் சவப்பெட்டி இறங்கியது. உப்பு ஏரியின் அழுகல் நாற்றம் காற்றில் வந்து போனது.

"எஸ்மண்டு," என்றாள் ஐசில்டா.

அவன் குழி விளிம்புக்கு வந்தான். ஃபிட்ஸி ஓடிவந்து அவன் கையில் மைக்கைத் திணித்தான். "தொண்ட சரியில்லாதவன் கத்தாத. இதுல பேசு."

எஸ்மண்ட் கழுத்துத் துணியை அவிழ்த்தான். எதிரே பெட்டிகள் நின்றன. இடது பெட்டியிலிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லசெல்ஸ்," என்றான்.

லாந்தரின் குரல் பெட்டிகளிலிருந்து வந்து அக்கீ இலைகளை அசைத்தது. ஒரு பெண் "இயேசுவே!" என்று உட்கார்ந்துவிட்டாள். இருநூறு தலைகளும் ஃபிட்ஸியின் பக்கம் திரும்பின. ஃபிட்ஸி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அவன் எதையும் தொடவில்லை. பிறகு எஸ்மண்டின் வாயைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் இரண்டு வருஷத்து ஸ்பெஷல்களும் ஒவ்வொன்றாய் உடைந்தன.

ஐசில்டா பைபிளை மார்போடு அழுத்திக்கொண்டாள். "உன் குரல்லடா," என்று முணுமுணுத்தாள். "உன் குரல்ல சொல்லுடா."

எஸ்மண்ட் தேடிப் பார்த்தான். தன் குரல் எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தான். அக்காவிடம் எப்படிப் பேசினான், வண்டியில் போகும்போது எப்படிப் பேசினான். கிடைக்கவில்லை. அப்படியே கிடைத்திருந்தாலும் என்ன? உயிரோடு இருந்தபோது லாந்தர் அந்தக் குரலுக்கு ஒருநாளும் காது கொடுத்ததில்லை. வண்டியை மெதுவாக ஓட்டு என்றால் கேட்டதில்லை, புகைக்காதே என்றால் கேட்டதில்லை. லாந்தர் கேட்டதெல்லாம் ஒரே ஒருவன் பேச்சைத்தான், தன்னுடையதை.

கண்ணை மூடினான். இருக்கிற குரலை எடுத்துக்கொண்டான். அதே மெட்டு.

லாந்தர் போறான்,
யாரும் ஊதல, தானா அணைஞ்சான்,
பிளாக் ஆங்கர் வாசல்ல நிக்கல,
எந்த வாசல்லயும் நிக்கல.

இரண்டு வரி பாடுவதற்குள் கூட்டத்தின் பயம் போய்விட்டது. வேறொன்று வந்தது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். யாரோ அழுதார்கள், யாரோ இடுப்பை அசைத்தார்கள். வேல்மா அடுப்படி வாசலில் நின்று பாத்திரத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை பாடியதைவிட நன்றாக வந்தது. கடைசி வரியை எஸ்மண்ட் இழுத்து, மெல்லக் குறைத்து, விட்டான்.



அப்புறம் வேலியோரத்தில் எவனோ ஒருவன் கைமுட்டியால் தகரத்தை ஓங்கிக் குத்தினான். வேண்டுமென்று செய்யவில்லை. நாற்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. "முதல்லேர்ந்து!" என்று கத்தினான். பக்கத்தில் நின்றவனும் குத்தினான். அடுத்தது பத்துப் பேர். பிறகு வேலி முழுக்க இடி இடித்தது. "திருப்பிப் போடு! லாந்தரு, முதல்லேர்ந்து!" கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் கையைத் தூக்கினார்கள். சவ வண்டியின் மேற்கூரையையும் ஒருவன் தட்டினான்.

"வேணாம்!" என்று ஐசில்டா கத்தினாள். "கூப்பிடாதீங்கடா! போறவனத் திருப்பிக் கூப்பிடாதீங்க!" அவள் குரல் தகரச் சத்தத்தில் எடுபடவில்லை.

எஸ்மண்ட் வேலியைப் பார்த்தான். அவனுக்காகத் தட்டுகிறார்கள். முப்பது வருஷம் இரண்டு அடி பின்னால் நின்றவனுக்காக, இருநூறு பேர். இன்னொரு முறை பாடினால் போதும். இன்னொரு முறை என்ன, எத்தனை முறை வேண்டுமானாலும் பாடலாம். ஊர் ஊராகப் பாடலாம். குரல் இங்கேயே இருக்கும். எங்கும் போகாது.

தொண்டை திறந்தது. அவன் திறக்கவில்லை. மூச்சு தானாக உள்ளே போனது, நீளமாக. இடது பெட்டியும் அதே நேரத்தில் இழுத்தது.

பல்லைக் கடித்தான். பல்லுக்குப் பின்னால் அது முனகியது. மூக்கு வழியாக, காது வழியாக வெளியேறப் பார்த்தது. கண்ணில் நீர் முட்டியது. மைக்கைத் தரையில் போட்டான். பெட்டிகள் ஒருமுறை வீறிட்டன. ஃபிட்ஸி, யாரும் சொல்லாமலே, குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினான்.

எஸ்மண்ட் முட்டி போட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளினான். குழிக்குள் போட்டான். மறுபடி அள்ளினான். வாயைத் திறக்கவில்லை. தகரச் சத்தம் கொஞ்சநேரம் தொடர்ந்தது. பிறகு விட்டுவிட்டு வந்தது. பிறகு ஒரே ஒரு கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் வெட்கப்பட்டு நின்றது.

நான்கு மணிக்குள் சூப்பு தீர்ந்து, கூட்டம் கரைந்துவிட்டது. கிங்ஸ்டன்காரர்கள் யாரும் எஸ்மண்டுக்குக் கை கொடுக்கவில்லை. ஃபிட்ஸி கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றான்.

"என்கிட்ட இருக்கறதுல எத்தன நீ?"

எஸ்மண்ட் அவனைப் பார்த்தான்.

"சொல்லாத. சொன்னா நான் அதையெல்லாம் போட முடியாது." தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தான். "அந்தச் செவ்வாக்கிழமை ஒண்ண அழிச்சிட்டேன். அழிக்கறியான்னு மெஷினு ரெண்டு தடவ கேட்டுச்சு. ஆமான்னேன்." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினான். "நாயே. ஒசாகாவுல உன்ன ஒரு தடவயாவது முன்னாடி நிக்க வச்சிருக்கணும்."

லாரி போனது. ஐசில்டா வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வேல்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

குழியை மூடுவதற்குக் கொத்தனார் வந்தான். பக்கத்து மாவட்டமான போர்ட்லாண்டிலிருந்து வேலைக்கு வந்தவன். ஜெபமும் பாட்டும் நடக்கிறபோது அவன் கடைத்தெருவில் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தான். இந்த வீட்டில் யாரையும் அவனுக்குத் தெரியாது. பலகைகளை வைத்து, கம்பி பரப்பி, சிமெண்ட்டைக் கொட்டிக் கரணையால் இழுக்க ஆரம்பித்தான்.

"பாஸ், தண்ணி கொஞ்சம் தெளி. வெயில்ல வெடிச்சுடும்."

எஸ்மண்ட் வாளியைத் தூக்கி வந்து கையால் தெளித்தான்.

"நல்ல கூட்டமாமே. கடைல சொன்னாங்க." கொத்தனார் பின்னோக்கித் தவழ்ந்து ஒரு மூலையைச் சமன் செய்தான். "நீ செத்தவருக்கு என்ன வேணும்?"

எஸ்மண்ட் வாளியைக் கீழே வைத்தான்.

"தம்பி."

கொத்தனார் நிமிரவில்லை. அவனுக்கு அது வெறும் ஒரு குரல். கரணை சிமெண்ட்டின் மேல் அரைவட்டமாகப் போய் வந்தது.

"இந்தப் பக்கம் காயுது பாரு," என்றான். "இன்னும் கொஞ்சம்."